எந்த இயங்குதளப் பதிப்பு வரை ஆதரவு? திறமூலத் திட்டங்கள் முடிவெடுக்கும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்று வரை ஒழுங்காக ஓடிய மென்பொருள், இன்று புதுப்பித்ததும் "இந்த இயங்குதளப் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை" என்று சொல்லி நின்றுவிடுகிறது. கோபம் வருவது நியாயம்தான். அந்த முடிவை யார் எடுத்தார்கள், எதை வைத்து எடுத்தார்கள் என்று பயன்படுத்துபவருக்குத் தெரிவதில்லை. திறமூல உலகில், அதாவது மூல நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள் உலகில், இந்த விவாதங்கள் பெரும்பாலும் எல்லோரும் பார்க்கும்படியே நடக்கின்றன. ஆனால் தேடிப் படிக்கப் பலருக்கு நேரம் இருப்பதில்லை. பயன்படுத்துபவர்களும் திட்டங்களை நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஓர் இயங்குதளத்துக்கு ஆதரவு உண்டு என்று ஒரு திட்டம் சொன்னால், அது எதற்கு வாக்குக் கொடுக்கிறது?

ஒரு வேலையை விடாமல் செய்வதற்கு. நிரலில் ஒவ்வொரு மாற்றம் நுழையும்போதும் அந்த இயங்குதளத்தில் சோதனை ஓடும். அங்கே மட்டும் தலைகாட்டும் வழுவைப் பற்றி நீங்கள் எழுதினால், "முதலில் கணினியை மாற்றுங்கள்" என்று சொல்லாமல் எடுத்துப் பார்ப்பார்கள். பாதுகாப்புத் திருத்தம் வெளிவரும் நாளில் உங்களுக்கும் வரும்.

"ஓடுகிறது" என்பது இதைவிட மிகக் குறைந்த சங்கதி. யாரும் சோதிக்காத இயங்குதளத்திலும் ஒரு நிரல் ஆண்டுக்கணக்கில் ஓடலாம். ஆனால் நாளை நின்றுபோனால் கேட்பதற்கு ஆள் இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஆவணம் இதைத் தெளிவாக வரையறுக்கிறது. அந்தத் தளத்துக்கான ஏற்பாடு நிரலில் இருக்க வேண்டும்; அண்மையில் அங்கே தொகுக்கப்பட்டு (மூல நிரலிலிருந்து ஓடக்கூடிய கோப்பாக மாற்றப்பட்டு), சோதனைகளில் தேறியிருக்கவும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் ஆதரவு. அந்தச் சோதனைகளைத் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளில் ஓட்டுகிறார்கள். அதற்குப் பெயரே பண்ணை. அதில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு விலங்கின் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். ஒரு தளத்துக்கென்று விலங்கு இல்லாமல் போனால், அந்தத் தளத்தின் ஆதரவும் ஆட்டம் காணத் தொடங்கும்.

நிலை 1, நிலை 2, நிலை 3 என்று பிரிக்கிறார்களே, அது என்ன?

உண்டு, இல்லை என்று இரண்டே பதில் இருந்தபோது நிறையச் சண்டை வந்தது. அதனால் பல திட்டங்கள் வாக்குறுதியையே படிநிலையாக்கிவிட்டன. ரஸ்ட் நிரலாக்க மொழியில் நிலை 1 என்றால் வேலை செய்யும் என்ற உறுதி. நிலை 2 என்றால் தொகுக்க முடியும் என்ற உறுதி மட்டும். நிலை 3 என்றால் நிரலில் ஏற்பாடு இருக்கிறது, தானியங்கிச் சோதனை கிடையாது.

பைத்தான் மொழித் திட்டம் இதையே ஆட்களை வைத்து அளக்கிறது. நிலை 1 தளத்தில் சோதனை தோற்றால் வெளியீடே நிற்கும். அதைச் சரிசெய்யும் பொறுப்பு மையக் குழுவில் உள்ள எல்லோருக்கும் உண்டு. நிலை 2-க்குக் குறைந்தது இரண்டு மைய உருவாக்குநர்கள் பெயர் கொடுத்திருக்க வேண்டும்; ஒரு மாற்றம் அந்தத் தளத்தை உடைத்தால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் அல்லது திரும்பப் பெற வேண்டும். நிலை 3-க்கு ஒருவர் போதும். அங்கே சோதனை தோற்றாலும் வெளியீடு நிற்காது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. "இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்ற கேள்விக்குப் பெயருடன் பதில் கிடைக்கிறது, அந்தப் பெயர் விலகினால் நிலையும் இறங்குகிறது.

இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டமும் தளங்களை முதன்மை, இரண்டாம் நிலை, சமூகம் பார்த்துக்கொள்வது, தத்தெடுக்க ஆளில்லாதது என்று வகுத்திருக்கிறது. கடைசி வகை நேர்மையானது. பல திட்டங்களின் பட்டியலில் அந்த வகைத் தளங்கள் உண்டு, ஆனால் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடைசியில் முடிவெடுப்பது யார்?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். பெரிய திட்டங்களில் எழுத்து வடிவில் ஒரு முன்மொழிவு வந்து, விவாதம் நடந்து, குழு ஒப்புதல் தரும். சிறியவற்றில் பராமரிப்பாளர் ஒருவரே முடிவெடுக்கிறார். இரண்டிலும் ஒரு விஷயம் பொது: வேலையைச் செய்கிறவரின் சொல்லுக்கே எடை அதிகம்.

பொதுவாக எந்த அளவுகோலை வைத்துக்கொள்கிறார்கள்?

அந்த இயங்குதளத்தைத் தயாரித்தவரே அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருகிறாரா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தயாரித்தவரே கைகழுவிய ஒன்றைச் சம்பளமில்லாத ஒரு பராமரிப்பாளர் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

பைத்தானின் விண்டோஸ் விதியை நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். புதிய பதிப்பு ஒன்று வெளியாகும்போது மைக்ரோசாஃப்டின் நீட்டித்த ஆதரவில் எந்தெந்த விண்டோஸ் இருக்கின்றனவோ, அவை எல்லாவற்றிலும் அது ஓடும். அதற்குப் பின் வரும் திருத்த வெளியீடுகள் அந்தப் பட்டியலைச் சுருக்கக் கூடாது. விண்டோஸ் 7-இன் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. 2019 அக்டோபரில் வந்த பைத்தான் 3.8 அதற்கு முந்தியது என்பதால் விண்டோஸ் 7-ஐ ஏற்றது. 2020 அக்டோபரில் வந்த 3.9 ஏற்கவில்லை. 3.8-இன் ஆயுள் 2024 அக்டோபர் வரை நீடித்தது. ஆக, விதி கறாராகத் தெரிந்தாலும், விண்டோஸ் 7 வைத்திருந்தவருக்குக் கூடுதலாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் கிடைத்தன.

எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பவர்களும் உண்டு. மேக் கணினிகளில் மென்பொருள்களை நிறுவித்தரும் ஹோம்புரூ, அண்மைய மூன்று மேக்ஓஎஸ் பதிப்புகளை மட்டும் முழுமையாக ஆதரிக்கிறது. அதே வேலையைச் செய்யும் மேக்போர்ட்ஸ் இன்னும் பழைய பதிப்புகளையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறது. ஒரே தேவைக்கு இரண்டு திட்டங்கள் இரண்டு விதமாக முடிவெடுத்திருப்பதில் தவறு எதுவும் இல்லை. தேர்ந்தெடுக்க நமக்கு இடம் கிடைக்கிறது.

தயாரிப்பாளரின் ஆதரவு முடியும் தேதியே ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கிறதே?

ஆம். இந்த அளவுகோல் தடுமாறும் இடம் இதுதான். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆனால் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை திருத்தங்கள் உண்டு; நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி 2028 வரை நீட்டிக்கலாம்; நீண்டகாலச் சேவைக்கான 2019 பதிப்புக்கு 2029 ஜனவரி வரை ஆயுள் இருக்கிறது. அப்படியானால் விண்டோஸ் 10 இருக்கிறதா, போய்விட்டதா? லினக்ஸிலும் இதே கதைதான். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு வழக்கமான ஆதரவு 5 ஆண்டுகள். சந்தா எடுத்தால் 10 ஆண்டுகள். ரெட்ஹாட் 10 ஆண்டுகள் தந்து, அதற்கு மேலும் விற்கிறது.

என் பார்வையில், இலவசமாக எல்லோருக்கும் கிடைக்கும் ஆதரவு முடியும் நாளே திறமூலத் திட்டத்துக்குச் சரியான எல்லை. அதற்கு அப்பால் நீட்டிப்புக்காக யாரோ ஒருவர் பணம் வாங்குகிறார். அந்தப் பணத்தில் ஒரு காசுகூட வராத பராமரிப்பாளர், அதே நீட்டிப்பை இலவசமாகத் தர வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. நீட்டித்த காலத்துக்கும் ஆதரவு வேண்டும் என்று ஒரு நிறுவனம் விரும்பினால், திட்டத்துக்கும் அது பணம் தரட்டும்.

நிரலில் பழைய விண்டோஸுக்கான நான்கு வரிகளை அப்படியே விட்டுவைத்தால் என்ன நஷ்டம்?

கிட்டத்தில் போய்ப் பார்த்தால் புரியும். இப்போதைய நேரத்தை ஒரு மைக்ரோ வினாடிக்கும் கீழான துல்லியத்தில் தரும் செயற்கூறு (நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் சிறு நிரல்துண்டு) ஒன்று விண்டோஸ் 8-இல் அறிமுகமானது. அதற்கு முன்பு இருந்த செயற்கூறு தரும் நேரம், கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப, சுமார் 15 மில்லி வினாடிக்கு ஒருமுறைதான் நகரும்.

புதிய செயற்கூற்றை நேரடியாக அழைக்கும்படி ஒரு நிரலைத் தொகுத்து விண்டோஸ் 7-இல் திறந்தால் என்ன ஆகும்? நிரலுக்கு என்னென்ன செயற்கூறுகள் வேண்டும் என்ற பட்டியல் அதன் கோப்பிலேயே இருக்கிறது. விண்டோஸ் அதை ஓட்டும் முன் ஒவ்வொரு பெயரையும் தன் நூலகங்களில், அதாவது பொதுச் செயற்கூறுகள் அடங்கிய கோப்புகளில், தேடும். ஒரே ஒரு பெயர் கிடைக்காவிட்டாலும் நிரல் தொடங்கவே தொடங்காது. இன்ன செயற்கூறு இன்ன கோப்பில் இல்லை என்ற பெட்டி மட்டும் வரும். நிரலின் ஏதோ ஒரு மூலையில், ஆயிரத்தில் ஒருமுறை பயன்படும் செயற்கூறாக இருந்தாலும் இதே கதிதான்.

இதைத் தவிர்க்க வேண்டுமானால், ஓடும்போதே "இந்தச் செயற்கூறு உன்னிடம் இருக்கிறதா?" என்று இயங்குதளத்தைக் கேட்டு, இல்லையென்றால் பழையதை அழைக்க வேண்டும். நீங்கள் சொல்லும் நான்கு வரிகள் இவைதாம். ஆனால் இப்போது ஒரே வேலைக்கு இரண்டு பாதைகள் உண்டாகிவிட்டன. இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது என்று பார்க்கும் சோதனை புதிய பாதையில் தேறி, 15 மில்லி வினாடி பாதையில் தோற்கும். அதைக் கண்டுபிடிக்க விண்டோஸ் 7 ஓடும் கணினி ஒன்று யாரிடமாவது இருக்க வேண்டும். முனையத்தில் வண்ணம் காட்டும் குறிகள் விண்டோஸ் 10-இல் வந்தன; நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் யூனிக்ஸ் வகைச் சாக்கெட் 2018-இல் அதற்கு வந்தது. இப்படி ஒவ்வொரு வசதிக்கும் இரண்டு பாதைகள் என்று வைத்துக்கொண்டால், யாருமே நடந்து பார்க்காத பாதைகள் நிரலுக்குள் பெருகிவிடும். பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அவை வசதியான இடம்.

பழைய நிரல்களை உடைப்பதில்லை என்பது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் கொள்கை. அப்படியிருந்தும் லினக்ஸில் ஏன் இந்தத் தொல்லை?

கெர்னல் அந்தக் கொள்கையைப் பெருமளவு காப்பாற்றவே செய்கிறது. தொல்லை வருவது ஜிலிப்சி என்ற அடிப்படை சி நூலகத்தில். அதுவும் பின்னோக்கிய பொருத்தத்தைக் கவனமாகக் காக்கிறது: பழைய ஜிலிப்சியில் தொகுத்த நிரல் புதியதில் ஓடும். எதிர்த்திசையில் மட்டும் ஓடாது. புதிய உபுண்டுவில் தொகுத்த நிரலை ஐந்து ஆண்டு பழைய டெபியனுக்கு எடுத்துச் சென்றால், "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்பது போன்ற ஒரு வரியோடு நின்றுவிடும். ஒவ்வொரு செயற்கூறும் எந்தப் பதிப்பில் வந்தது என்ற முத்திரை நூலகத்திலேயே பதிந்திருப்பதே காரணம்.

இதற்கு எளிய மருந்து, ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய லினக்ஸ் வழங்கலில் தொகுப்பது. பைத்தான் உலகில் மெனிலினக்ஸ் என்ற பெயரில் இதை ஒரு தரநிலையாகவே ஆக்கினார்கள். முதலாவது, சென்ட்ஓஎஸ் 5 என்ற லினக்ஸ் வழங்கலை அடித்தளமாகக் கொண்டது, ஜிலிப்சி 2.5. பின்னர் சென்ட்ஓஎஸ் 6, அதன்பின் ஜிலிப்சி 2.17 கொண்ட சென்ட்ஓஎஸ் 7. இப்போது தரநிலையின் பெயரிலேயே ஜிலிப்சி எண் வந்துவிடுகிறது. ஒரு தொகுப்பைப் பார்த்தவுடனேயே அது உங்கள் கணினியில் ஓடுமா என்று தெரிந்துவிடும். இதில் உழைத்தவர்களுக்குப் பெரிய நன்றி உரித்தாகும்.

எல்லை திடீரென்று நகர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. திறமூல நிரலின் மேல் கட்டப்பட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட், 2024 பிப்ரவரி தொடக்கத்தில் வந்த 1.86 பதிப்பில் ஜிலிப்சி 2.28-ஐக் கட்டாயமாக்கியது. மேசையில் இருக்கும் கணினியில் இருந்தபடி தொலைவில் உள்ள சேவையகத்துடன் இணைந்து நிரல் எழுதுவது அந்த மென்பொருளின் முக்கிய வசதி. சேவையகம் உபுண்டு 18.04 என்றால் ஜிலிப்சி 2.27, சென்ட்ஓஎஸ் 7 என்றால் 2.17. தானாகப் புதுப்பித்துக்கொண்ட மென்பொருள் அந்தச் சேவையகங்களுடன் இணைய மறுத்தது. மேசைக் கணினி புத்தம் புதியதாக இருந்தும் பயனில்லை. சேவையகத்தை மாற்றும் அதிகாரம் பலருக்குக் கிடையாது. சென்ட்ஓஎஸ் 7-க்கோ இன்னும் 2024 ஜூன் 30 வரை ஆயுள் மிச்சம் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் 1.86.1-இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, சுமார் ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். எல்லையை உயர்த்தியது தவறென்று நான் சொல்லமாட்டேன். அந்த அவகாசம் முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

மேக்ஓஎஸ்?

அங்கே கட்டுப்பாடு கருவிகள் வழியாக வருகிறது. ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடு ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் தொகுக்கக்கூடிய மிகப் பழைய இலக்கை உயர்த்திக்கொண்டே போகிறது. எக்ஸ்கோடு 14-இல் அது மேக்ஓஎஸ் 10.13. மொழி வசதிகளும் இயங்குதளத்தோடு கட்டுண்டவை: சி++17-இன் கோப்புமுறை நூலகத்தை ஆப்பிளின் நூலகத்தோடு பயன்படுத்த வேண்டுமானால் குறைந்தது 10.15 தேவை. போதாக்குறைக்கு, உரிமப்படி மேக்ஓஎஸ்-ஐ ஆப்பிள் கணினியில்தான் ஓட்டலாம். பழைய பதிப்பைச் சோதிக்கப் பழைய மேக் ஒன்றை யாராவது வைத்திருந்து பராமரிக்க வேண்டும்.

விரும்பாமலே ஒரு பதிப்பைக் கைவிட நேருமா?

நேரும். உண்மையில் பெரும்பாலான கைவிடல்கள் இப்படித்தான் நடக்கின்றன. ஒரு திட்டம் தனியாக நிற்பதில்லை. அது சார்ந்திருக்கும் நூலகம், தொகுப்பான், மொழி ஆகியவற்றில் எது முதலில் எல்லையை உயர்த்துகிறதோ, அதுவே எல்லோருக்கும் எல்லை.

குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியம் 109 பதிப்போடு விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றை விட்டது. குரோமியத்தின் மேல் நின்று, மேசைக் கணினிச் செயலிகளை உருவாக்க உதவும் எலெக்ட்ரான் 23-ஆம் பதிப்பில் விட்டது. எலெக்ட்ரானில் எழுதப்பட்ட எண்ணற்ற செயலிகளுக்குத் தேர்வே இருக்கவில்லை. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் விண்டோஸ் வடிவம் 2.46.2 பதிப்போடு விண்டோஸ் 7, 8-க்கு விடைகொடுத்தது. அதன் அடித்தளமான எம்சிஸ்2 அதற்கு முன்பே அவற்றை விட்டிருந்தது. கோ மொழி 2023 ஆகஸ்டில் வந்த 1.21 பதிப்பிலும், ரஸ்ட் 2024 மே மாதம் வந்த 1.78 பதிப்பிலும் விண்டோஸ் 10-ஐக் குறைந்தபட்சமாக்கின. அந்த மொழிகளில் எழுதும் ஒருவர் புதிய தொகுப்பானுக்கு மாறிய மறுகணமே, தாம் அறியாமலேயே, விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டார்.

2021 பிப்ரவரியில் பைத்தானின் கிரிப்டோகிராஃபி என்ற மறையாக்க நூலகம் தன் 3.4 பதிப்பில் ரஸ்ட் மொழியைச் சேர்த்தபோது பெரும் கொந்தளிப்பு எழுந்தது. நினைவகப் பிழைகளைக் குறைக்க வேண்டும் என்பது நல்ல காரணம். ஆனால் ரஸ்ட் தொகுப்பான் எட்டாத பழைய நுண்செயலிக் கட்டமைப்புகளில் அந்த நூலகத்தையே நிறுவ முடியாமல் போனது. இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது. அந்த நூலகத்தைப் பராமரித்தவர்கள், அப்படிப்பட்ட கணினிகளைத் தாங்கள் ஆதரிப்பதாக ஒருபோதும் சொன்னதில்லை. அங்கே அதுவரை வெறுமனே "ஓடிக்கொண்டு" இருந்தது.

சோதனைக் களம் இல்லாமல் போவதும் ஒரு வழி. பல்லாயிரம் திட்டங்கள், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் இலவசமாகத் தரும் கணினிகளில்தான் சோதனை ஓட்டுகின்றன. அங்கே உபுண்டு 20.04 படிமம் 2025 ஏப்ரலில் எடுக்கப்பட்டது. கொள்கலன் (தனக்கு வேண்டிய நூலகங்களோடு தனித்து ஓடும் சூழல்) வழியாகப் பழைய வழங்கலை ஓட்டிச் சமாளிக்கலாம். அந்த வேலைக்கு நேரம் இல்லாத திட்டங்களில் ஆதரவு சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும்.

பழைய பதிப்பை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார்களா?

முடிந்தவர்கள் பார்க்கிறார்கள். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப், இயங்குதளம், ஜிலிப்சி பதிப்பு போன்ற விவரங்களையும் கோரிக்கையோடு அனுப்புகிறது. அந்தப் புள்ளிவிவரம் பொதுவில் கிடைக்கிறது. டெபியனில் விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரும் கணக்கெடுப்பு உண்டு. பெரும்பாலான சிறு திட்டங்களிடமோ எந்த எண்ணும் கிடையாது. பயனர்களை உளவு பார்க்கக் கூடாது என்ற கொள்கையால் எண்ண மறுப்பவர்களும் உண்டு. அந்த மறுப்பை மதிக்கிறேன்.

எண் இருந்தாலும் அது பாதி உண்மைதான். தானியங்கிச் சோதனைக் கணினிகள் நாள் முழுதும் பதிவிறக்கிக்கொண்டே இருக்கும். புதிய லினக்ஸின் எண்ணிக்கை அதனால் வீங்கும். இணையத்தோடு தொடர்பில்லாத ஆய்வகக் கருவியோ தொழிற்சாலைக் கணினியோ கணக்கிலேயே வராது. பழைய இயங்குதளத்தை விடாமல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம்.

"பாதுகாப்பு" என்பது கைவிடுவதற்கான சாக்கா?

சில நேரம் சாக்காகவும் சொல்லப்படுகிறது. இயங்குதளத்திலேயே அடைக்கப்படாத ஓட்டைகள் இருக்கும்போது, அதன்மேல் ஓடும் மென்பொருள் பாதுகாப்பானது என்று யாராலும் உறுதி கூற முடியாது. அந்த அளவில் வாதம் சரியானது. ஆனால் பழைய இயங்குதளத்தில் இருப்பவர் நம் ஆதரவு நின்றதும் புதியதுக்கு மாறிவிடுவார் என்று நினைப்பது ஆசை மட்டுமே. பலர் பழைய மென்பொருளோடு அங்கேயே இருப்பார்கள். இப்போது இரண்டிலும் ஓட்டை. உலாவி போல இணையத்தை நேரடியாகத் தொடும் மென்பொருளுக்கு இதை யோசிக்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஃபயர்ஃபாக்ஸ் இதைச் செய்த விதம் பாராட்டுக்குரியது: விண்டோஸ் 7, 8, 8.1 பயனர்களை 2023 ஜூலையில் வந்த 115 நீட்டித்த ஆதரவுப் பதிப்பில் நிறுத்திவைத்து, புதிய வசதிகள் இல்லாமல் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தொடர்ந்து கொடுத்தது. முடிவுத் தேதியையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிவைத்தது.

வேலை அதிகம் என்பதுதான் காரணமென்றால் அதையே சொல்லலாம். அது மதிக்கத்தக்க காரணம்.

கைவிடுவதை எப்போது, எந்தப் பதிப்பில் அறிவிக்க வேண்டும்?

குறைந்தது ஒரு வெளியீட்டுக்கு முன்னதாக. லிப்ரே ஆஃபிஸ் 25.2 பதிப்பில் விண்டோஸ் 7, 8, 8.1 வழக்கொழியப் போவதாகச் சொல்லி, 25.8-இல் நீக்கியது. ரஸ்ட் தன் 1.78 மாற்றத்தை 2024 பிப்ரவரியிலேயே, மூன்று மாதங்களுக்கு முன், தெரிவித்தது.

பெரிய பதிப்பு எண்ணில்தான் கைவிட வேண்டுமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட், தன் 18-ஆம் பெரிய பதிப்பில் ஜிலிப்சி தேவையை 2.28-க்கு உயர்த்தியது. ரஸ்ட் சிறு பதிப்புகளிலேயே உயர்த்துகிறது. என் விருப்பம் முதலாவது. திருத்த வெளியீட்டில் மட்டும் கூடவே கூடாது. பாதுகாப்புத் திருத்தத்தை நம்பிப் புதுப்பிப்பவரின் கணினியை அது நிறுத்திவிடும்.

அறிவித்தபின் காதைத் திறந்து வைத்திருப்பதும் முக்கியம். 2019 ஜூனில் உபுண்டு, 19.10 பதிப்பிலிருந்து 32 பிட் தொகுப்புகளை முழுவதுமாக விடப்போவதாக அறிவித்தது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டத்தினரும், ஸ்டீம் விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வும் தங்கள் பயனர்களுக்கு அது எவ்வளவு பாதிப்பு என்று எடுத்துச் சொன்னார்கள். சில நாட்களிலேயே, தேவையான 32 பிட் தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து தருவதாக உபுண்டு மாற்றிக்கொண்டது. முன்கூட்டியே சொன்னதால்தான் இந்தத் திருத்தத்துக்கு வழி பிறந்தது.

பழையதை நீண்டகாலம் விடாமல் வைத்திருக்கும் திட்டங்களும் இருக்கின்றனவே?

இருக்கின்றன. காணொளி இயக்கியான விஎல்சி 3.0 இன்றும் விண்டோஸ் எக்ஸ்பி வரை ஓடுகிறது. தன் குழுவுக்கு அந்த ஆர்வமும் திறமையும் இருக்குமானால், ஒரு திட்டம் தாராளமாக இதைச் செய்யலாம். மற்ற திட்டங்களைப் பார்த்து "அவர்களால் முடிகிறதே" என்று கேட்பது மட்டும் சரியில்லை.

என் திட்டத்தில் நான் ஒருவன்தான். கொள்கை என்று என்ன எழுதிவைப்பது?

நான்கு வாக்கியம் போதும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"ஒவ்வொரு வெளியீட்டின்போதும், தயாரிப்பாளரிடமிருந்து இலவசப் பாதுகாப்புத் திருத்தம் பெறும் இயங்குதளப் பதிப்புகளை ஆதரிக்கிறோம். மற்றவற்றிலும் ஓடக்கூடும், ஆனால் நாங்கள் சோதிப்பதில்லை. அவற்றுக்கான சிறு திருத்தங்களை அனுப்பினால், நிரலைச் சிக்கலாக்காத வரை ஏற்போம். ஒரு பதிப்பைக் கைவிடும் முன் குறைந்தது ஒரு வெளியீட்டில் அறிவிப்போம்."

இத்துடன், உண்மையில் சோதனை ஓடும் பதிப்புகளின் பட்டியலையும் முகப்பில் போடுங்கள். சோதனை ஓடாத எதையும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். நிறுவும் மென்பொருள் தொடங்கும்போதே பதிப்பைப் பார்த்து, ஏற்காவிட்டால் கடைசியாக ஏற்ற பதிப்பு எது, எங்கே கிடைக்கும் என்று சொல்லும்படி செய்யுங்கள். அரை மணி நேர வேலை. அதனால் தப்பும் குழப்பம் ஏராளம்.

கைவிட்ட பதிப்புக்கு மறுபடியும் ஆதரவு வாங்க முடியுமா?

கேட்பதால் மட்டும் பெரும்பாலும் முடியாது. வேலையோடு வந்தால் முடியும். ரஸ்ட் விண்டோஸ் 7-ஐ முதல் நிலையிலிருந்து இறக்கியபோது, அதற்கென்று நிலை 3 இலக்கு ஒன்று உருவானது. அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் முன்வந்ததே காரணம். நோட் ஜிலிப்சி தேவையை உயர்த்தியபின், 2.17-இல் ஓடும் தொகுப்புகளை அதிகாரபூர்வமற்ற தொகுப்புத் திட்டம் வெளியிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 4, பவர்பிசி நுண்செயலி கொண்ட பழைய மேக்குகளைக் கைவிட்டபோது பிறந்த டென்ஃபோர்ஃபாக்ஸ் என்ற கிளை, 2010 முதல் 2021 வரை அந்தக் கணினிகளில் உலாவியை உயிரோடு வைத்திருந்தது. மூல நிரல் திறந்திருப்பதால் மட்டுமே சாத்தியமானவை இவை.

எனவே உங்களிடம் பழைய இயங்குதளம் ஓடும் கணினி இருந்தால், அதில் சோதனையை அன்றாடம் ஓட்டி முடிவைத் திட்டத்துக்கு அனுப்ப முன்வாருங்கள். இதைவிட வலுவான வாதம் இல்லை.

கணினியை மாற்றவே முடியாத நிலை. இன்றைக்கு என்ன செய்வது?

முதலில், உங்கள் பதிப்பை ஏற்ற கடைசி வெளியீட்டைத் திட்டத்தின் சொந்தக் காப்பகத்திலிருந்து எடுத்து, சரிபார்ப்புக் குறியீட்டை ஒப்பிட்டுப் பத்திரப்படுத்துங்கள். வேறு எங்கோ "பழைய பதிப்புகள்" என்று தரும் இடங்களிலிருந்து வேண்டாம். தானாகப் புதுப்பிப்பதை அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் நிறுத்துங்கள். முடிந்தால் அந்தக் கணினியை இணையத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

லினக்ஸ் என்றால் இன்னும் வழிகள் உண்டு. ஃபிளாட்பாக் என்ற முறையில் நிறுவும் மென்பொருள் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னோடு கொண்டுவருவதால், ஜிலிப்சி பழையதாக இருப்பது பெரிதாகத் தடுக்காது. கொள்கலனும் அப்படியே, கெர்னல் மட்டும் உங்கள் கணினியுடையதுதான், அது மிகப் பழையதானால் அங்கேயும் இடிக்கும்.

ஆதரவை நிறுத்துவது பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லையென்றால், உடனே எழுதுங்கள். எந்தப் பதிப்பு, எத்தனை கணினிகள், ஏன் மாற்ற முடியவில்லை, எந்தத் தேதிக்குள் மாற்றுவீர்கள் என்று நான்கையும் குறிப்பிடுங்கள். "அடுத்த மார்ச் வரை தேவை, அதுவரை சோதனைக்கு ஒரு கணினி தருகிறோம்" என்று வரும் கடிதத்தைப் பராமரிப்பாளர்கள் ஒதுக்கிவிடுவதில்லை. தேதியும் உதவியும் இருப்பதால் அவர்களால் அதற்கு ஆம் என்று சொல்ல முடிகிறது.